பம்பாய் முதல் தாங்கா வரை: பாளையங்கோட்டைப் பட்டாளத்தின் கடற்பயணம்

முதல் உலகப்போரின் கிழக்கு ஆப்பிரிக்கக் களத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களைப் புரட்டுவோருக்கு, நம் ஊர்ப் பெயர் ஒன்று எதிர்பாராத இடத்தில் எதிர்ப்படும். 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்பது அந்தப் பட்டாளத்தின் பெயர். அந்நூல்களில் அதற்குக் கிடைத்திருக்கும் இடமோ பெரும்பாலும் ஒரு வரிதான்: 1914 நவம்பர் 4ஆம் நாள் தாங்கா நகரின் வெளியே, குண்டு பாயத் தொடங்கியதும் அது சிதறி ஓடியது. அந்த வரியைப் பொய்யென்று நிறுவுவது நம் நோக்கமன்று. அன்று அப்பட்டாளம் குலைந்தது உண்மையே. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னே ஒரு மாதம் இருக்கிறது. செப்டம்பர் இறுதியில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, நவம்பர் இரண்டாம் நாள் ஆப்பிரிக்கக் கரை கண்ணில் படும்வரை நீண்ட அந்த மாதத்தைப் போர் வரலாறு எழுதுவோர் அரைப் பக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். நாம் அந்த அரைப் பக்கத்திலேயே சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

பட்டாளத்தின் எண்ணைக் கொண்டே அதன் மரபைச் சொல்லிவிடலாம். 1903இல் கிச்சனர் இந்தியப் படையைச் சீரமைத்தபோது, பழைய சென்னைப் படையின் பட்டாளங்களுக்குரிய எண்களோடு அறுபதைக் கூட்டினார்கள். ஆகவே 63 என்பது பழைய மூன்றாம் சென்னைக் காலாட்படை. கருநாடகப் போர்களின் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றிய படை மரபு அது. சென்னைக் காலாட்படையில் சாதி, சமய வகுப்பு வாரியாகக் கம்பெனிகளை அமைப்பது வழக்கம். தமிழர்களுக்கும், பறையர், கிறிஸ்தவர் ஆகியோருக்கும் தனித்தனிக் கம்பெனிகள் இருந்ததுபோல முஸ்லிம்களுக்கும் இருந்தன. இந்த முஸ்லிம் சிப்பாய்களில் கணிசமானோர் ஆற்காடு, வேலூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களைச் சேர்ந்த, தக்னி உருது பேசும் குடும்பங்களின் பிள்ளைகள். நவாபின் படையில் இருந்த பாட்டனின் வாளை வீட்டில் வைத்திருந்த குடும்பங்கள் என்று சொன்னால் மிகையாகாது. காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் கடல் என்பது வீட்டுக் கொல்லை. இவர்களுக்கு அப்படியன்று.

1914இல் இப்படைக்கு நல்ல பெயர் இல்லை. 1880களில் சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியா முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு உதவான் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். 'போர்க்குடிகள்' என்றொரு கொள்கை உருவாயிற்று. பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்காக்களும் பிறவி வீரர்கள் என்றும், தென்னாட்டார் அல்லர் என்றும் அது வகுத்தது. சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வட நாட்டு ஆட்களைக் கொண்டு நிரப்பப்பட்டன. எஞ்சியவற்றுக்குத் தளவாடங்களும் தாமதமாகவே கிடைத்தன. ஒருவனுக்குச் சோறும் ஆயுதமும் குறைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு அவன் மெலிந்திருப்பதைக் காட்டிக் கொள்கையை மெய்ப்பிக்கும் இந்த முறை, அரசுகளுக்கு என்றுமே கைவந்த கலை.

ஆகஸ்டு 4இல் போர் மூண்டது. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ஒரு படை போகவேண்டும் என்ற பேச்சு அந்த மாதத்திலேயே எழுந்தது. பிரான்சுக்கும் எகிப்துக்கும் சென்றதற்கு 'அ' என்றும், கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாக்கவேண்டியதற்கு 'ஆ' என்றும், உகாண்டா ரயில்பாதையைக் காக்கச் சென்றதற்கு 'இ' என்றும் பெயரிட்டதாக நாம் வைத்துக்கொள்ளலாம். இவற்றுள் 'இ' படையின் முதற்பகுதியான 29ஆம் பஞ்சாபிப் பட்டாளம் ஆகஸ்டில் கப்பலேறி செப்டம்பர் முதல் நாளில் மொம்பாசாவில் இறங்கியது. கடல் அதே கடல்தான், இரண்டு வாரமும் ஆகவில்லை. 'ஆ' படைக்கு நேர்ந்ததோ வேறு. பிரான்சுக்கே முதலிடம் என்று அது ஒத்திவைக்கப்பட்டது. அதற்கென முதலில் குறிக்கப்பட்டிருந்த பூனா பிரிகேடை வேறு களத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தளபதியாக நியமனம் பெற்ற ஆர்தர் ஐட்கனின் கையில் இறுதியாக வந்து சேர்ந்தவை, பெங்களூர் பிரிகேடும், சுதேச சமஸ்தானங்களின் படைகளைக் கொண்ட இன்னொரு பிரிகேடும். காஷ்மீர், குவாலியர் சமஸ்தான வீரர்கள், 13ஆம் ராஜ்புத்துகள், 101ஆம் கிரனேடியர்கள், பழைய ஹைதராபாத் படையின் வழிவந்த 98ஆம் காலாட்படை, சென்னையின் 61ஆம் பயனியர்கள், லங்காஷயரிலிருந்து வந்த ஒரு வெள்ளையர் பட்டாளம், இவர்களோடு பாளையங்கோட்டையார். ஏறத்தாழ எண்ணாயிரம் பேர். அதிகாரிகள் பலர் தம் ஆட்களையும், ஆட்கள் பலர் தம் அதிகாரிகளையும் துறைமுகத்தில்தான் அறிந்துகொண்டனர்.

படை ரயிலில் பம்பாய் வந்து சேர்ந்தபோது கப்பல்கள் புறப்பட முடியாத நிலை. இதற்குக் காரணமான இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்களில் ஒன்றை நாம் நன்கறிவோம். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் அது. கெட்டிக்காரனையும் ஏய்ப்பவனையும் 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கு அந்த இரவில் நமக்குக் கிடைத்தது. இன்னொன்று கோனிக்ஸ்பெர்க். அது எம்டனுக்கு இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 20இல், சான்சிபார் துறையில் நின்ற பெகாசஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. இவ்விரண்டும் எங்கே திரிகின்றன என்று தெரியாத வரையில், சிப்பாய்களை ஏற்றிய கப்பல்களைத் துணைக்கப்பல் இல்லாமல் கடலில் விட எவரும் துணியவில்லை. துணைக்குச் செல்லவேண்டிய போர்க்கப்பல்களோ அவ்விரண்டையும் தேடிப் போயிருந்தன.

சில பிரிவுகள் செப்டம்பர் இறுதியிலேயே கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டன. புறப்பட்டதோ அக்டோபர் 16இல். இடைப்பட்ட இரண்டு வாரத்துக்கும் மேலான காலம், கரை கண்ணுக்கு எட்டிய தொலைவில், நங்கூரமிட்ட கப்பலின் கீழ்த்தளத்தில் கழிந்தது. மழைக்காலம் முடிந்து வெயில் மீண்டும் ஏறுகின்ற அக்டோபர் மாதத்துப் பம்பாயை அறிந்தவர்களுக்கு, இரும்புத் தகடுகளுக்கு நடுவே அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. படுக்கைகளுக்கிடையே நடக்க இடமில்லை. இந்து, முஸ்லிம் சமையல்களுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கவேண்டும். தண்ணீர் அளவோடுதான் கிடைக்கும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பல பட்டாளங்களுக்குப் புதிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் புறப்பாட்டுக்குச் சற்று முன்னர்தான் வழங்கப்பட்டன. இயந்திரத் துப்பாக்கியும் சிலருக்குப் புதிது. கைக்குப் பழகாத ஆயுதத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டிய நாட்களை, சுட்டுப் பழக இடமில்லாத கப்பல் தளத்தில் கழித்தார்கள்.

இந்தக் காத்திருப்பில் நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு ஃபிக்ஹுச் செய்தியும் உண்டு. ஊரைவிட்டுப் புறப்பட்டு, இடையில் ஓரிடத்தில், நாளை கிளம்புவோம், மறுநாள் கிளம்புவோம் என்று நாள் தெரியாமல் தங்கிவிடும் பயணியின் தொழுகை என்ன? பதினைந்து நாள் தங்குவதென்று அவன் உறுதி கொள்ளாத வரையில், எத்தனை காலமானாலும் அவன் முஸாஃபிர்தான், சுருக்கித் தொழலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய எதிர்பார்ப்பு நிலைக்குப் பதினெட்டு நாள் வரை சலுகை உண்டு. பழைய இமாம்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்த மரக்கலத்தையும், எல்லையில் முகாமிட்ட படையையும் கண்முன் வைத்து ஆராய்ந்த நிலை இது. நீராவிக் கப்பலின் காலத்தில், காற்றுக்குப் பதிலாக ஓர் எம்டனால் அதே நிலை பம்பாயில் திரும்பி வந்தது.

அக்டோபர் 16இல் பெருங்கூட்டமாகக் கப்பல்கள் புறப்பட்டன. ஐரோப்பாவை நோக்கிச் செல்பவையும் அக்கூட்டத்தில் இருந்தன. முன்பு 'ஆ' படைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த பூனா பிரிகேடும் உடன் சென்றது. அதன் தளபதி டெலமெய்னிடம் முத்திரையிட்ட உறையில் ஆணை இருந்தது. கடலில் மூன்றாம் நாள் அதைப் பிரித்துப் பார்த்த பின்னரே தாம் போவது பாரசீக வளைகுடாவுக்கு என்று அவர் அறிந்தார். ஒரு பிரிகேடின் தளபதிக்கே இது நிலை என்றால், கீழ்த்தளத்தில் கிடந்த சிப்பாய்க்கு என்ன தெரிந்திருக்கும்?

பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் இடையே சுமார் 2,400 கடல் மைல். கூட்டமாகச் செல்லும் கப்பல்களுக்கு, அவற்றுள் மெதுவானதன் வேகமே எல்லாவற்றின் வேகமாகும். மணிக்கு ஏழெட்டுக் கடல் மைலுக்குமேல் அவை செல்லவில்லை. சரக்கேற்றும் பழைய கப்பல்கள் பல, கடல் அலைத்தது, குமட்டலும் வாந்தியும் நாட்கணக்கில் நீடித்தன. பழக்கமில்லாத உணவு வேறு. துணைக்கு வந்த கோலியத் என்ற பெரிய போர்க்கப்பலும் இயந்திரக் கோளாறுற்றது. தாங்காவரை கூடச் செல்ல அதனால் இயலவில்லை. இந்தக் கடல் நம் முன்னோருக்குப் புதியதன்று என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரவேண்டும். 1331 வாக்கில் இப்னு பதூதா மொகதிஷுவிலிருந்து மொம்பாசா வழியாகக் கில்வா சென்று திரும்பினார். பருவக் காற்றைக் கணக்கிட்டுக் குஜராத்திகளும் அரபுகளும் பல நூற்றாண்டுகள் ஓட்டிய பாதை அது. காற்று மாறும் நாள் தெரிந்து புறப்பட்ட மரக்கலத்து வணிகன், எங்கே போகிறோம், எப்போது சேர்வோம் என்று அறிந்திருந்தான்.

நாட்காட்டியைப் புரட்டினால் வேறொன்றும் தெரிகிறது. அது ஹிஜ்ரி 1332. கப்பல்கள் பம்பாயை விட்டபோது துல்கஃதா மாதம் முடியும் தறுவாய். துல்ஹஜ் பிறை கண்டது நடுக்கடலில். பத்தாம் நாள் அக்டோபர் 30ஐ ஒட்டி வருகிறது. அதாவது அந்த மாதத்தின் கடைசி நாட்களில், கப்பல்கள் மொம்பாசாவுக்கு அப்பால் கரை தெரியாத தொலைவில் வந்து நின்ற வேளையில், ஹஜ்ஜுப் பெருநாள் வந்துபோயிற்று. பயணிக்குப் பெருநாள் தொழுகையும் குர்பானியும் ஹனஃபி மத்ஹபில் கடமையல்ல. ஆயினும் ஊரில் ஈத்கா நிறைந்திருக்கும் நாள் அது என்பதை எந்தச் சிப்பாய் மறந்திருப்பான்? அதே நாட்களில், அக்டோபர் 29 அன்று, துருக்கியக் கொடி பறந்த கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. கலீஃபாவின் அரசு போரில் இறங்கிவிட்டது. பிரிட்டனின் சீருடையில் கடலில் இருந்த முஸ்லிம்களுக்கு இதன் பொருள் பின்னர்தான் விளங்கவிருந்தது.

அக்டோபர் 31இல் ஐட்கன் மட்டும் மொம்பாசாவில் இறங்கி அங்கிருந்த அதிகாரிகளோடு ஆலோசித்தார். முழுப் பயணத்திலும் நாம் கவனித்து நோக்கவேண்டிய இடம் இதுவே. படையைச் சில நாட்கள் மொம்பாசாவில் இறக்கிக் கால் ஊன்றி நடக்கவிட்டு, பிறகு தாக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. எதிரியைத் திடீரெனத் தாக்கும் வாய்ப்பு கெட்டுவிடும் என்றார். ஜெர்மனியரின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களை எளிதாக எண்ணாதீர் என்று உள்ளூர்ப் படை அதிகாரிகள் எச்சரித்ததையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் மறைத்துவைக்க அங்கே இரகசியமே இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து பெரும்படை வருவதைக் கைப்பற்றிய கடிதங்கள் வாயிலாக முன்பே அறிந்திருந்ததாக ஜெர்மன் தளபதி பால் ஃபோன் லெட்டோவ்-ஃபோர்பெக் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். இல்லாத இரகசியத்தைக் காப்பதற்காக, ஒரு மாதம் கப்பலில் கிடந்தவர்களின் ஓய்வு பலியாக்கப்பட்டது.

அதன் பின்னும் தாமதங்கள் ஓயவில்லை. நவம்பர் 2ஆம் நாள் காலை, ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் முதலில் தனியே தாங்காத் துறைக்குள் சென்றது. போர் தொடங்கிய ஆகஸ்டில் தாங்காவையும் தாருஸ்ஸலாமையும் தாக்குவதில்லை என உள்ளூரளவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. லண்டன் அதை ஏற்றுக்கொள்ளவேயில்லை. ஆயினும் உடன்பாடு முறிந்தது என்று முறைப்படி அறிவிப்பது கடமை என்று கப்பல் தலைவர் கோல்ஃபீல்டு கருதினார். ஜெர்மன் மாவட்ட அதிகாரியை அழைத்து அறிவித்தார். துறையில் கண்ணிவெடி உண்டா என்றும் கேட்டார். உண்டு என்ற பதிலையும் பெற்றார். எதிரியிடம் கேட்டால் வேறென்ன சொல்வான்! இல்லாத கண்ணிகளைத் தேடிக் கடலைத் துழாவுவதில் பொழுது போயிற்று. காலையில் தாங்காவில் இருந்தது ஒரு கம்பெனியே. செய்தி கிடைத்ததும் லெட்டோவ்-ஃபோர்பெக் மோஷியிலிருந்து தம் படையை ரயிலேற்றினார். சுமார் 350 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றை ரயில்பாதை அது. இந்தியாவிலிருந்து ஒரு மாதத்தில் வந்த படைக்கு எதிராக, அவர் படை ஓரிரு நாளில் வந்து நின்றது.

போரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. துறைமுகத்தை விட்டுவிட்டு ராஸ் கசோனே முனையருகே, அலையாத்திச் சேற்றில், இரவில் படை இறங்கியது. நிலத்தை யாரும் முன்சென்று பார்த்திருக்கவில்லை. 3ஆம் நாள் ராஜ்புத்துகளும் 61ஆம் பயனியர்களும் முன்சென்று பின்னடைந்தனர். 4ஆம் நாள் நண்பகல் வெயிலில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத புதர்க்காட்டில் முழுப்படையும் நகர்ந்தது. வரிசையின் நடுவில் இருந்தது 63ஆம் பட்டாளம். தாகத்தாலும் வெயிலாலும் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. பட்டாளம் குலைந்தது. அதனால் பக்கத்துணை இழந்த 101ஆம் கிரனேடியர்கள் இடப்புறத்தில் தனித்து நின்று பெருஞ்சேதம் அடைந்தனர். குண்டுகளால் கலைந்த தேனீக்கூட்டங்கள் 98ஆம் பட்டாளத்தைத் துரத்தியதும் அன்றே. ஜெர்மனியர் பழக்கி வைத்த தேனீக்கள் என்றுகூடப் பின்னர் கதை கட்டினார்கள். வலப்புறத்தில் காஷ்மீரிகளும் லங்காஷயர் வீரர்களும் நகருக்குள்ளேயே நுழைந்து தெருக்களில் போரிட்டனர். எதிரிலிருந்தோர் ஆயிரம் பேர்தான். பிரிட்டிஷ் தரப்பில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர், அல்லது காணாமற்போயினர். ஜெர்மன் தரப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிரில் நின்று சுட்ட அஸ்கரிகள் ஆப்பிரிக்கர். அவர்களில் முஸ்லிம்கள் பலர். 'அஸ்கர்' என்ற அரபுச் சொல்லும், நம் கப்பல் துறையில் வழங்கும் 'லஸ்கர்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

இனி, அந்த ஒரு வரித் தீர்ப்புக்கு வருவோம். சென்னைச் சிப்பாய்களைக் குறித்து மிகக் கடுமையாக எழுதியவர், அப்படையின் உளவுப்பிரிவு அதிகாரியாக இருந்த மைனர்ட்ஸ்ஹாகன். அவருடைய நாட்குறிப்பு 1960இல் நூலாக வந்தது. தாங்காவைப் பற்றி எழுதியோர் பலரும் அதிலிருந்தே வண்ணம் எடுத்தனர். ஆனால் அவர் தம் குறிப்புகளைப் பிற்காலத்தில் திருத்தியும் சேர்த்தும் எழுதியவர் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. 2007இல் பிரையன் கார்ஃபீல்டு எழுதிய நூல் இதை விரிவாக அம்பலப்படுத்தியது. பறவையியலில் அவர் செய்த மோசடிகளும் தனிக்கதை. அறிவிப்பாளரின் நாணயத்தை முதலில் எடைபோட்டுப் பிறகே அறிவிப்பை ஏற்கும் மரபு நம்முடையது. அந்த அளவுகோலில் மைனர்ட்ஸ்ஹாகனின் சாட்சியம் தனித்து நிற்காது.

ஆயினும் ஒரு மறுப்பை நாமே எழுப்பிக்கொள்ளவேண்டும். லங்காஷயர் வீரர்களும் காஷ்மீரிகளும் அதே கடலில்தானே வந்தார்கள்? அவர்கள் எப்படி நின்றார்கள்? பயணம் ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று சொன்னால் அது வழக்கறிஞரின் வாதமாகிவிடும், வரலாறு ஆகாது. நாம் சொல்வது இதுதான். ஆண்டுக்கணக்கில் புறக்கணிக்கப்பட்டு, புறப்படும் வேளையில் புதுத்துப்பாக்கி கொடுக்கப்பட்ட படையை, அந்த மாதம் மற்றவர்களைவிட அதிகமாகக் குலைத்தது. கடுமையான பயணம் எல்லாரையும் சோர்வடையச் செய்யும். முன்பே ஊட்டம் குறைந்தவனைத்தான் வீழ்த்தும். ஐட்கனும் பின்னர்க் கர்னல் தகுதிக்கு இறக்கப்பட்டார். ஆனால் தளபதியின் தவறு அவரோடு போயிற்று. சிப்பாயின் தவறோ இனத்தின் குணமாக எழுதப்பட்டது. 1920களின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படைப் பட்டாளங்கள் சிக்கனத்தின் பெயராலும் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகே சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது.

போகுமிடம் சொல்லாமல் காக்கவைப்பதன் விளைவைச் சில மாதங்களில் சிங்கப்பூரும் கண்டது. அங்கிருந்த 5ஆம் இலகு காலாட்படையினர் முஸ்லிம்கள். ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டியவர்கள். உண்மையில் துருக்கியரோடு போரிடவே அனுப்பப்படுகிறோம் என்ற வதந்தி அவர்களிடையே பரவியது. புறப்பாட்டுக்கு முந்தின நாள், 1915 பிப்ரவரி 15இல், கலகம் மூண்டது. அதன் முடிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அது தனியே எழுதத்தக்கது.

தாங்காவில் நவம்பர் 5ஆம் நாள் படை மீண்டும் கப்பலேறியது. பிரிட்டன் துருக்கிமீது போர் அறிவித்ததும் அதே நாள். இயந்திரத் துப்பாக்கிகளும் நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் கரையிலேயே கைவிடப்பட்டன. பம்பாயில் சிப்பாய்களின் கையில் புதிதாகக் கொடுக்கப்பட்ட அந்தத் துப்பாக்கிகளைக் கொண்டு லெட்டோவ்-ஃபோர்பெக் தம் கம்பெனிகள் மூன்றுக்கு நவீன ஆயுதம் வழங்கினார். பழைய புகைமருந்துத் துப்பாக்கிகளோடு அதுவரை போரிட்ட அஸ்கரிகள் அவற்றை ஏந்திக்கொண்டனர். எஞ்சிய சிப்பாய்களை ஏற்றிய கப்பல்கள் வடக்கே திரும்பி மொம்பாசாவை அடைந்தன. ஒரு வாரத்துக்கு முன்னர் இறங்கக்கூடாது என்று மறுக்கப்பட்ட அதே கரையில் அவர்கள் இறக்கப்பட்டார்கள்.